மாதாவுக்கு உகந்த இடம்

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கிளாஸ் டீக்கும் இரண்டு வரிப் பாராட்டுக்கும் மயங்கி, எங்கள் தெரு மாதாவை அவள் நின்ற இடத்தைவிட்டுக் கிளப்ப எழுத்துமூலமாகச் சம்மதம் கொடுத்தவன் நான்தான். யாரும் என்னை மிரட்டவில்லை. டீயும் ஆறிப்போயிருந்தது.

இதில் இன்னொரு விசேஷம், எனக்கும் மாதாவுக்கும் பேச்சுவார்த்தை நின்று இருபது வருடத்துக்கு மேலாகிறது. சண்டை எதுவும் இல்லை. புத்தகம் படிப்பது கூடியது, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமும் கூடியது, பூசைக்குப் போவது தானாக நின்றுபோயிற்று. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கன் நான். அங்கேயும் கடைசி வரிசையில், செருப்பை எங்கே விட்டேன் என்ற யோசனையோடு உட்கார்ந்திருப்பேன். அப்படிப்பட்டவன் ஒரு தெருவின் சார்பில் மாதாவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் கடிதம் எழுதினான்.

எங்கள் தெரு உழவர்கரையில் ஒரு வாய்க்காலை ஒட்டி ஓடுகிறது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வீடுகள். வாய்க்காலைத் தாண்டினால், இந்த வட்டாரக் கத்தோலிக்கர்களுக்கெல்லாம் பொதுவான பங்குக் கோயிலும் கோயில் தெருவும். நடுவில் ஒரு சின்னப் பாலம். நான் பிறந்து வளர்ந்தது கோயில் தெருவில், பால்கனி வைத்த மாடி வீட்டில். பாகம் பிரித்தபோது அந்த வீடு பெரியப்பா பிள்ளைகளுக்குப் போனது. என் பங்குக்கு வந்ததை வைத்து, பாலத்துக்கு இந்தப் பக்கம் தெரு முனையில் புதிதாக எழும்பிய அபார்ட்மெண்டில் இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கினேன். ஐந்து நிமிட நடை.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் இந்தத் தெருவை 'அந்தப் பக்கம்' என்பார்கள். சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. 'அந்தப் பக்கம்' என்பதே போதுமானதாக இருந்தது. தாத்தா காலத்தில் கோயிலுக்கு உள்ளேயே ஒரு தடுப்பு இருந்ததாம். இந்தத் தெருக்காரர்கள் அதற்கு அப்பால்தான் முழங்கால் போட வேண்டுமாம். அதை எடுத்து வெகுகாலம் ஆகிறது. எடுத்தவர்களின் பெயரைப் பெருமையாகச் சொல்வார்கள். வைத்தவர்கள் யார் என்பதுதான் யாருக்கும் நினைவில் இல்லை.

இப்போது தெருவில் பாதிப் பேர் கத்தோலிக்கர்கள். பெயிண்டர், ஆட்டோக்காரர், நர்ஸ் என்று ஆளுக்கொரு தொழில். மீதி, சுற்றுவட்டக் கிராமங்களில் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு டவுனில் வேலை பார்க்கிற இந்துக் குடும்பங்கள். தெருவின் பாதித் தூரத்தில், வீடுகள் பக்க ஓரமாக ஒரு கெபி இருக்கிறது. கருங்கல்லையும் சிமெண்டையும் குழைத்துக் குகை மாதிரிக் கட்டி, உள்ளே மாதா சுரூபத்தை வைத்த சிறு கட்டடம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். பெயிண்டர் வருடா வருடம் நீலம் அடிப்பார், எந்த வருடமும் அதே நீலம் அமையாது. வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பூ வாங்குகிற இந்துப் பெண்கள் போகிற போக்கில் இங்கேயும் ஒரு முழம் சார்த்துவார்கள். கெபிக்குப் பின்னால் பூக்கார அக்காவின் வீடு. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர், ஆனால் தெருவே அக்கா என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடுகிறேன். பெரிய மார்க்கெட்டில் அவருக்குப் பூக்கடை. விடியற்காலையில் பூக்கூடைகள் அவர் வாசலில்தான் வந்து இறங்கும்.

இந்த வாய்க்கால் ஒவ்வொரு ஐப்பசியிலும் தெருவுக்குள் வந்து எல்லோரையும் குசலம் விசாரித்துவிட்டுப் போகும். முழங்கால் அளவுத் தண்ணீரில் நர்ஸ் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு டியூட்டிக்குப் போவதை மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆகவே வாய்க்காலை அகலப்படுத்தப் போகிறார்கள் என்றதும் தெருவே சந்தோஷப்பட்டது. வாய்க்கால் நாலடி அகலமானால் தெரு நாலடி வீடுகள் பக்கம் தள்ளும் என்பதும், அப்படித் தள்ளினால் கெபி நடுவழியில் நிற்கும் என்பதும், கெபியின் அடிக்கல்லில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு விழுந்த பிறகுதான் உறைத்தது.

பூக்கார அக்காவும் பெயிண்டரும் மாடி ஏறி வந்தார்கள்.

"நீங்க போனா மரியாதையா பேசுவாங்க சார்," என்றார் அக்கா. "இன்னா ஏதுன்னு கேட்டுட்டு மட்டும் வாங்க."

'மட்டும்' என்ற சொல்லை அவர் அழுத்தித்தான் சொன்னார். என் காதில் 'மரியாதை' மட்டும்தான் விழுந்தது.

வாய்க்கால் வேலையைப் பார்க்கிற அலுவலகத்தில் ஒரு பொறியாளர் இருந்தார். நாற்பது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு, மேசையில் வரைபடச் சுருள்கள். என் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார்.

"சார், ஞாயித்துக்கிழமைப் பக்கத்துல நகைச்சுவையா எழுதறீங்களே, நீங்கதானா? எங்க வீட்ல உங்கள விடமாட்டோம் சார்."

நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைக் கண்ணாடி முன்னால் நின்று பழகி வைத்திருக்கிறேன், அதைப் பயன்படுத்த வருடத்துக்கு ஒரு தடவைகூட வாய்ப்பு வருவதில்லை. டீ வந்தது. வரைபடத்தை விரித்துக் காட்டினார். "உங்க சமுதாயத்து ஆளுங்க மனசு நோகாம முடிக்கணும்னுதான் சார் நானும் பாக்கறேன்," என்றார். அவர் நல்லவர், நான் பரந்த மனம் படைத்தவன், இரண்டு பேரும் சேர்ந்தால் கால் மணி நேரத்தில் ஒரு நாகரிகமான தீர்வுக்கு வர முடியாதா என்ன? வந்தோம். மாதாவைக் கோயில் காம்பவுண்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவது, செலவு அவர்களுடையது. அங்கிருந்தே பங்குச்சாமியாருக்குப் போன் போட்டார். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தாராளமாக இடம் இருக்கிறது, கிரானைட் பீடம் போட்டால் அழகாக இருக்கும் என்று சாமியாரும் உற்சாகமாகிவிட்டார்.

"ஒரு சம்மதக் கடிதம் மட்டும் குடுத்துட்டீங்கன்னா…" என்று பொறியாளர் வெள்ளைத்தாளை நகர்த்தினார்.

வெள்ளைத்தாளைக் கண்டால் எனக்குக் கை நிற்காது. 'தாய்க்கு எல்லை ஏது? கல்லும் சிமெண்டும் அவளைக் கட்டிவைக்குமா?' என்று ஆரம்பித்து, வெள்ளம், குழந்தைகள், நகரத்தின் வருங்காலம் வழியாக ஒன்றரைப் பக்கம் போய், தெருவாசிகள் சார்பாக என்று போட்டுக் கையெழுத்திட்டேன். பொறியாளர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல யாரும் எழுத முடியாது சார்," என்று முத்திரையைக் குத்தினார்.

அன்று சாயங்காலம் கெபி முன்னால் செபமாலை சொல்ல ஆட்கள் கூடியிருந்தார்கள். முடிகிற வரை நெளிந்துகொண்டு நின்றுவிட்டு, என் சாதனையை அறிவித்தேன். கிரானைட் பீடம் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன், கைதட்டலுக்காக.

"கோயிலுக்குள்ளயா?" என்றார் பூக்கார அக்கா.

"ஆமாம்க்கா. மேல ஷெட்டும் போட்டுத் தருவாங்க."

"அப்ப தேரு?"

"எந்தத் தேரு?"

கூட்டம் என்னைப் பார்த்த பார்வையை எந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்திலும் நான் எழுதப்போவதில்லை. பெயிண்டர்தான் பேசினார்.

"சார் பதினோரு வருசமா இங்க இருக்காரு, தேரு எதுக்கு நம்ப தெருவுக்கு வருதுன்னு தெரியல. உடுங்க. மாடிலருந்து பாத்தா தேரு மேல்பாகம்தான் தெரியும்."

பூக்கார அக்கா கோபப்படவில்லை. கெபியின் படியில் உட்கார்ந்து, புரியாத வாடிக்கையாளருக்குப் பூ விலையைச் சொல்லுகிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னார்.

"கோயில்ல ஏற்கெனவே நாலஞ்சு மாதா சுரூபம் இருக்குது சார். இன்னொண்ணு எதுக்கு அங்க? இது மாதாவுக்காவ வச்சதில்ல. தேருக்காவ வச்சது."

அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது திருவிழாத் தேர் பாலத்தைத் தாண்டாதாம். கோயில் தெருவைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். இந்தத் தெருக்காரர்கள் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியது. கேட்டால், தேர் வழியில் நிற்பதற்கு ஒரு கெபியோ சிலுவை நட்ட குருசடியோ இருக்க வேண்டும், உங்கள் தெருவில் எங்கே நிற்பது என்று பதில் வந்ததாம். யாரும் 'வரமாட்டோம்' என்று சொல்லவில்லை. 'நிற்க இடமில்லை' என்றுதான் சொன்னார்கள். கொத்து வேலை பார்த்த அவருடைய அப்பாவும் இன்னும் நாலு பேரும் தவக்காலத்து நாற்பது நாளில், வேலை முடிந்து வந்த நேரத்தில், கட்டட வேலையில் மீந்த கல்லை வைத்து இந்தக் கெபியைக் கட்டினார்கள். அப்போதிருந்த சாமியார் வந்து செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டார். மந்திரித்த மாதா இருக்கிற தெருவை ஒதுக்கிவிட்டுத் தேர் போக முடியாது. அந்த வருடம் தேர் பாலத்தைத் தாண்டியது.

"எங்கப்பா தேரு முன்னால மூணு வாட்டி உழுந்து கும்புட்டாரு. மாதாவன்னா நெனைக்கிறீங்க? சக்கரத்த."

நான் மாடி ஏறி வந்து உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. எழுந்தேன். அலமாரியில் என் கட்டுரைத் தொகுப்பு இருந்தது. அதில் ஒரு கட்டுரையில், எங்கோ தூரத்து நாட்டில் ஒரு சிறுபான்மையினர் தங்களுடைய இடிந்த ஒரு சுவரை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்று எட்டுப் பக்கத்துக்கு விளக்கியிருக்கிறேன். இடம் போனால் இருந்த தடயமே போய்விடும் என்றெல்லாம். படித்தவர்கள் பாராட்டினார்கள். அந்தச் சுவர் என் பால்கனியிலிருந்து பல ஆயிரம் மைல். கெபி, எட்டிப் பார்த்தால் தெரியும்.

சின்ன வயதில் எங்கள் வீட்டு வாசலுக்குத் தேர் வரும். தபால்காரர் வருகிற மாதிரி, மழை வருகிற மாதிரி அது பாட்டுக்கு வரும். பால்கனியில் நின்று ரோஜா இதழ் தூவுவோம். தேர் வருவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. வெளியே யாராவது கிறிஸ்தவர்களைப் பற்றி ஏறுமாறாகப் பேசினால் நாங்கள் எல்லோரும் ஒரே சிறுபான்மை, எனக்கும் ரோஷம் வரும். உள்ளே வந்ததும் தேர் போகிற வழியைப் பார்த்தால் போதும், யார் சிறுபான்மை என்று தெரிந்துவிடும்.

மறுநாள் காலை பொறியாளரைப் பார்க்க ஓடினேன். கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன்.

"ஃபைல் மேல போயிடுச்சே சார்," என்றார். "ஏன் சார், அழகாத்தானே எழுதியிருந்தீங்க?" நகலை எடுத்து எனக்கே படித்துக் காட்டினார். "'கல்லும் சிமெண்டும் அவளைக் கட்டிவைக்குமா?' இப்படி எழுதிட்டு, அந்தக் கல்லு அங்கயேதான் இருக்கணும்னா நான் மேல என்ன சார் சொல்றது?"

என் எழுத்து என்னையே எதிர்த்து நிற்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் முத்திரையோடு நின்றது அதுதான் முதல் தடவை.

அங்கிருந்து கோயில் தெருவுக்குப் போனேன். தேர் கமிட்டித் தலைவர் என் பெரியப்பா மகன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தவர். இன்னும் மீசையை அங்கத்து அளவில்தான் வெட்டுவார், பேச்சையும் அங்கத்துச் சொல்லில்தான் ஆரம்பிப்பார். நான் தேர் பார்த்த அதே பால்கனியில் உட்கார்ந்திருந்தார்.

"அலோர், வாடா. உங்க தெரு மாதா கோயிலுக்கே வர்றாங்களாமே. நல்ல காரியம் பண்ண."

"இல்லண்ணே. தேர் எப்பவும் போல எங்க தெருவுக்கு வரும்ல, அதக் கேக்கத்தான் வந்தேன்."

"எங்க தெருவா? நீ கோயில் தெருக்காரன்டா." பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். "கெபி இல்லாத தெருவுல தேருக்கு என்ன வேல? பாலம் வேற குறுகல். டிராக்டரத் திருப்பறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா?"

"இத்தன வருசமா திரும்புதேண்ணே."

"கெபி இருந்துச்சு, திரும்புச்சு."

அவர் குரலில் துளி வன்மம் இல்லை. டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவழிப் பாதையைக் காட்டுகிற மாதிரித்தான் சொன்னார். எனக்கு அதுதான் கலக்கமாக இருந்தது. பாதி பிஸ்கட்டோடு எழுந்துவிட்டேன்.

அடுத்த ஒரு வாரம் எந்த இடத்திலும் என்னால் நிலைகொள்ள முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காரணமில்லாமல் பிள்ளைச்சாவடி வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். தெரு முனையில் யாராவது நின்றால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் மாடி ஏறிவிடுவேன். என் மனைவி, "வீட்டுக்குள்ளயாவது அதக் கழட்டுங்க," என்றாள்.

பெரிய மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போனபோது பூக்கார அக்காவின் கண்ணில் பட்டுவிட்டேன். கூப்பிட்டார். கூட்டமும் மீன் வாடையும் சுமை தூக்குகிறவர்களின் 'வழி வழி'யும் நடுவே அவர் கை பாட்டுக்குச் சம்பங்கியைக் கோர்த்துக்கொண்டிருந்தது.

"அந்த லெட்டரு காப்பி இருக்குதா சார்?"

இருந்தது. பொறியாளரிடம் கேட்டு வாங்கிய அதை ஒரு வாரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன், ஏதோ நோய்க்கான பரிசோதனை முடிவு மாதிரி.

"படிங்க."

ஒரு பூக்கடை முன்னால் நின்று 'தாய்க்கு எல்லை ஏது' என்று உரக்கப் படிப்பது என் எழுத்து வாழ்க்கையின் உச்சம் அல்ல. பக்கத்துக் கடைக்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டார். படித்து முடித்தேன்.

"திரும்பப் படிங்க. மெதுவா."

படித்தேன். அவர் கை ஒரு இடத்தில் நின்றது.

"கோயிலுக்குக் கொண்டுபோறோம்னு எங்க சார் எழுதியிருக்கீங்க?"

தேடினேன். முன்பக்கம், பின்பக்கம். வெள்ளம் இருந்தது, குழந்தைகள் இருந்தார்கள், வருங்காலம் இருந்தது. நாலாவது பத்தியில், 'மாதாவுக்கு உகந்த இடத்துக்கு அவரைப் பக்தியோடும் மரியாதையோடும் நகர்த்தச் சம்மதிக்கிறோம்' என்று இருந்தது. அவ்வளவுதான். ஒன்றரைப் பக்கத்தில், எங்கே என்பதை மட்டும் எழுத மறந்திருந்தேன்.

"அப்ப எது உகந்த எடம்னு நாங்கதான சொல்லணும்?" என்றார் அக்கா. "எத்தினி அடி வோணுமாம் அவங்களுக்கு?"

"நாலடி."

"எங்க வாசல்ல ஆறடி இருக்குது."

மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு பொறியாளரிடம் போனேன். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. பொறியாளர் கடிதத்தை எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை.

"கோயில்னுதானே சார் பேசினோம்?"

"சாரு பேசிருப்பாரு," என்றார் அக்கா. "எழுதலயே."

பொறியாளர் நாற்காலியில் சாய்ந்தார். "எனக்கு லைன் கிளியரா இருந்தா போதும்மா. நாலடி உள்ள போயிடுச்சுன்னா உங்க வீட்டு எடத்துல நீங்க என்ன வச்சுக்கிட்டாலும் நான் ஏன் கேக்கப்போறேன்?"

கெபியைப் பிரித்தபோது அதே கற்களைப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். பூக்கார அக்கா தன் வாசற்படியையும் தகரக் கூரையையும் முன் சுவரையும் இடித்து, கெபியைத் தெருவைப் பார்த்த மாதிரி நிறுத்தினார். வீட்டுக்குள் போக இனிமேல் பக்கச் சந்து வழிதான்.

"கூடய எங்கக்கா எறக்குவ?" என்று பெயிண்டர் கேட்டார்.

"சந்துலதான். இது இப்ப பட்டா எடம்டா. பொறம்போக்குன்னு எவனும் பெயிண்டு டப்பாவோட வரமாட்டான்."

ஊருக்குப் பொதுவாக நின்ற மாதா, இப்போது ஒருவருடைய பட்டாவுக்குள் வந்துவிட்டாளே, அவர் காலத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. ஆனால் தெரு விஷயத்தில் நான் கேட்ட கடைசிக் கேள்வி 'எந்தத் தேரு' என்பது நினைவுக்கு வந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். சாமியார் வந்து புதிதாக மந்திரித்தார். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும் என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆனால் நான் பயந்ததையே என் அண்ணன் பிடித்துக்கொண்டார். "அது இப்ப ஒருத்தர் வீட்டு மாதா. வீட்டு மாதாவுக்கெல்லாம் தேர் நிக்க ஆரம்பிச்சா ஊர்ல எத்தன வீடு இருக்கு?" திருவிழாவுக்கு நாலு நாள் முன்னால் கோயில் வாசலில் தேர் வழியை ஒட்டினார்கள். எங்கள் தெரு அதில் இல்லை. போட்டோ எடுத்துவந்து அக்காவிடம் காட்டினேன். பார்த்தார். "சரி சார்," என்றார். அவ்வளவுதான். அவருடைய அந்தச் 'சரி' என்னை நாலு நாளும் தூங்கவிடவில்லை. மனு எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வோணாம் சார்," என்றார் அவசரமாக.

திருவிழா அன்று பொழுது சாய்கிற நேரத்தில் தேர் கிளம்பியது. டிராக்டர் இழுக்கிற தேர், உச்சி வரை பூ. தேருக்குப் பூ அலங்காரம் பல வருடமாகப் பூக்கார அக்காவின் வேலைதான். அவரைவிடக் கைநேர்த்தியானவர் பங்கில் வேறு யாரும் இல்லை. நான் பாலத்தின் மேல் நின்றுகொண்டேன். கோயில் தெருப் பக்கமிருந்து பாண்டு வாத்தியச் சத்தம் நெருங்கி வந்தது, அதோடு ஒரு சலசலப்பும் வந்தது. தேர் கண்ணில் பட்டதும் காரணம் தெரிந்தது. ரோஜா, சம்பங்கி, சாமந்தி, எல்லாம் இருந்தது. மாதாவின் கழுத்து மட்டும் வெறுமனே இருந்தது.

வழக்கமாக ஆளுயர ரோஜா மாலை ஒன்று தொங்கும். அந்த மாலையோடுதான் எல்லோரும் மாதாவைப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரே கேள்வி. "என்னா, மாதா கழுத்து வெறுங்கழுத்தா இருக்கு?" "மால எங்க?" விசிலும் கையுமாகத் தேருக்கு முன்னால் வந்த என் அண்ணன் முகம் சிவந்து, பாலத்து முனையில் டிராக்டரை நிறுத்தச் சொன்னார். தேரோடு கூடவே அமைதியாக நடந்து வந்த பூக்கார அக்காவைப் பார்த்தார்.

"மால எங்கம்மா?"

"இருக்குதுண்ணே. பெரிய மால, கட்டி முடிக்க நேரமாயிடுச்சு." பாலத்துக்கு இந்தப் பக்கம் கையைக் காட்டினார். "கெபிகிட்ட வச்சிருக்குது. அங்க வந்ததும் போட்டுடலாம்."

"எடுத்துட்டு வரச் சொல்லு."

"நாலு ஆளு தூக்கணும். பூ உதுந்துடும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாய்க்காலைப் பார்த்தேன். பின்னால் பால்கனிகளில் இருந்து மறுபடியும் அந்தக் கேள்வி. பாண்டுக்காரர்கள் வாசித்த பாட்டையே மூன்றாவது தடவையாக ஆரம்பித்தார்கள். அண்ணன் மீசையைத் தடவினார், விசிலை வாயில் வைத்தார், கையை எங்கள் பக்கமாக வீசினார். டிராக்டர் ஒரு தடவை பின்னால் வந்து, ஒரு தடவை முன்னால் போய், பாலத்தில் ஏறியது.

குறுகலான பாலத்தில் அது திரும்ப அதிக நேரம் ஆகவில்லை.

கெபி முன்னால் தேர் நின்றது. பெயிண்டரும் இன்னும் மூன்று பேரும் மாலையைத் தூக்கிவந்தார்கள். சாம்பிராணிப் புகையில் தெருவே மங்கியது. நர்ஸ் யூனிஃபார்மோடு நின்றிருந்தார். இந்து வீட்டுக்காரர்களும் வாசலில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். பூக்கார அக்கா தேரின் மேல் ஏறி மாதாவின் கழுத்தில் மாலையைப் போட்டார். இறங்கும்போது டிராக்டரின் பெரிய சக்கரத்தில் ஒரு கையை ஒரு கணம் வைத்துவிட்டு எடுத்தார். அதை வேறு யாரும் கவனித்தார்களா என்று தெரியவில்லை.

அடுத்த வருடமும் இதே மாலையை வைத்துத் தேரைத் திருப்ப முடியுமா, அண்ணன் வேறு பூக்காரரைப் பிடித்துவிடுவாரா என்று என் மனம் அந்தப் புகையிலும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இருந்தாலும், எல்லாவற்றுக்கும் அடியில் என் கடிதம் இருக்கிறது என்ற ஒரு சின்னத் திருப்தி எட்டிப் பார்த்தது. ஒருவகையில், நான் மட்டும் இடத்தை எழுதியிருந்தால்?

அப்போது தோளை யாரோ தொட்டார்கள். பொறியாளர். மனைவியோடு தேர் பார்க்க வந்திருந்தார். கையில் மெழுகுவர்த்தி.

"என் ஒய்ஃபுக்கு மாதான்னா உயிரு சார். ஞாயித்துக்கிழமை உங்க பக்கத்தப் படிக்கறதும் அவதான். நான் உங்க எழுத்துல முழுசாப் படிச்சது அந்த லெட்டர் ஒண்ணுதான்," என்றார். "அதையும் நாலு தடவ படிச்சேன் சார். என்ன சொல்ல வர்றீங்கன்னு கடைசி வரைக்கும் புரியல."